லிஃப்டில் போடுகிற பாட்டு

எனக்கும் பாட்டுப் பிடிக்கும். அதைத்தான் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று, பெரிய டாக்டரின் அறையில் உட்கார்ந்து மனசுக்குள் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் என் தங்கை. டாக்டர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார். நடந்தது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்பதைத்தான் யாரும் பொறுமையாகக் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பதினேழு வருடமாக இங்கே காது பரிசோதனை செய்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வேன். எவ்வளவு குறைகிறதோ அதற்குத் தக்கபடி காது கருவியைக் கணினியில் இணைத்து அளவு வைத்துக் கொடுப்பேன். என் கைராசியைப் பற்றி டாக்டரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

என் கணவர் கட்டிட வரைபடம் போடுகிறவர். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை. தங்கை எங்கள் தெருவுக்குக் குடிவந்த பிறகுதான் அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

இருவருக்கும் பாட்டுப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவாள். ஆளுக்கு ஐந்து பாட்டு. ஒன்றின் ஜாதியில் இன்னொன்று இருக்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம். ராக், ஜாஸ், பழைய பக்திப் பாட்டு, எங்கோ மலைக்காரர்களின் பறையடி, எதுவும் வரலாம். குழுக்களின் நிஜப் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். எல்லாம் பட்டப்பெயர். கரகரவென்று பாடும் ராக் பாடகன் 'தொண்டைகட்டி'. சேர்ந்து பாடும் மூன்று கிழவிகள் 'மாமியார் சங்கம்'. அவசரமே இல்லாமல் ஊதும் ஜாஸ் டிரம்பெட்காரன் 'தூங்குமூஞ்சி'.

"அத்தான், தொண்டைகட்டிக்கு யாரோ வெந்நீர் குடுத்திருக்காங்க. குரல் தெளிஞ்சிடுச்சு."

"வெந்நீர் இல்ல. மாமியார் சங்கத்துல பொண்ணு எடுத்திருப்பான். அது பயத்துல வர்ற குரல்."

நான் சமையலறை வாசலில் நின்று, ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பேன்.

தப்பாக எதுவும் இல்லை. அதை நான் அடித்துச் சொல்வேன். தப்பு இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சிரிப்பதற்காக யாரோடு சண்டை போடுவது?

ஒருமுறை நானும் ஐந்து பாட்டுத் தேர்ந்தெடுத்தேன். ஒரு வாரம், பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கேட்டுக் கேட்டு. முதலாவது, அவரை நான் முதன்முதலாகப் பார்த்த ஓட்டல் வரவேற்பறையில் ஓடிக்கொண்டிருந்த பியானோ. தேடிக் கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆயிற்று. போட்டேன். கால் நிமிடம் போயிருக்கும்.

"ஐயோ அக்கா, இது லிஃப்ட்ல போடுற பாட்டு" என்றாள்.

அவர் சிரித்தார். கேலியாக அல்ல, நல்ல சிரிப்புத்தான். மீதி நான்கைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு உப்புச்சப்பில்லாத எந்தப் பாட்டு வந்தாலும் அவர்களுக்கு அது 'அக்கா பாட்டு'.

அவருக்கு மெல்லிய சத்தங்கள் காதில் விழுவதில்லை என்பதைக் கண்டுபிடித்தவள் நான். லேசான குறைதான். வீம்பு பிடித்த மனிதரைச் சம்மதிக்க வைத்து இரண்டு காதுக்கும் கருவி பொருத்தினேன். அதைவிடக் கச்சிதமாக நான் எதையும் செய்ததில்லை. மாட்டிக்கொண்டு தூங்குமூஞ்சியை வைத்தார். கண் கலங்கிவிட்டது. நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் போனை எடுத்தார்.

"பின்னாடி டிரம் மேல பிரஷ்ஷால தேய்க்கிறான். இத்தனை நாளா நீ சொல்லவே இல்லையே" என்றார், அவளிடம்.

அந்தக் காது நான் கொடுத்தது. அதில் விழுந்ததை என் பக்கம் திரும்பிச் சொல்லியிருக்கலாம். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

கருவியில் உச்ச அளவு என்று ஒன்று வைப்போம். எவ்வளவு பெரிய சத்தம் வந்தாலும் அதற்குமேல் காதுக்குள் விடாது. பாட்டுக் கேட்கிறவர்களுக்கு அதை ரொம்பக் கவனமாக வைக்க வேண்டும். பெரிய சத்தம் தொடர்ந்து விழுந்தால் உள்ளே இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் சாய்ந்துவிடும், மறுபடி நிமிராது. சுவரில் படம் மாட்டி எல்லோருக்கும் விளக்குவேன்.

அடுத்த மாதம் அந்த உச்ச அளவைச் சற்று ஏற்றினேன். அதற்கடுத்த மாதம் பரிசோதித்தபோது கேட்கும் திறன் குறைந்திருந்தது. குறைந்தால் கருவியை ஏற்ற வேண்டும், அதுதான் முறை. ஏற்றினேன். இன்னும் குறைந்தது. நான் முறைப்படியேதான் போனேன். இருபது மாதம்.

"காதுக்குள்ள கத்துற மாதிரி இருக்கு" என்பார்.

"பழகிடுங்க" என்பேன்.

"நீ பாத்துக்குவ" என்று குழந்தை மாதிரித் தலையைச் சாய்த்துக் கொடுப்பார்.

முதலில் மாமியார் சங்கம் போயிற்று. பிறகு தூங்குமூஞ்சி. கடைசியாகத் தொண்டைகட்டி. தங்கை வந்து கத்திக் கத்திப் பேசிப் பார்த்தாள். பிறகு வருவது குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வரவே இல்லை. அன்று நான் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அது பொய்.

அவர் என் உதட்டையே பார்க்கத் தொடங்கினார். உள்ளங்கையில் தட்டிப் பேசும் பழக்கத்தை நான் உண்டாக்கினேன். ஒரு தட்டு, வாசலில் ஆள். இரண்டு, பின்னால் வண்டி. கட்டைவிரலை அழுத்தினால் நில். இப்போது நாற்பத்தாறு இருக்கிறது. சிலவற்றுக்குப் பட்டப்பெயர்கூட வைத்திருக்கிறோம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

என் பிசகு ஒன்றுதான். கருவியில் கை வைத்தால் தேதி, அளவு, சுருக்கொப்பம் எழுதிவிட வேண்டும். பதினேழு வருடப் பழக்கம். கை தானாகப் போய்விடும். தங்கை அவரை வேறொரு டாக்டரிடம் அழைத்துப்போக, அந்த டாக்டர் கருவியைச் சோதனைப் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு எங்கள் டாக்டருக்குச் சொல்ல, இவர் கோப்பைத் திறந்தார். இருபது வரி. எல்லாம் என் கையெழுத்து. காரணம் என்ற கட்டம் மட்டும் காலி.

"ஏம்மா காரணம் எழுதல?" என்று கேட்டார்.

"அது மருத்துவக் காரணம் இல்ல, டாக்டர்" என்றேன்.

பிற்பகலில் போலீஸ் வருவார்கள் என்றார். என் கணவருக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நான் வருவேன் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தாள் எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது.

"உன் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல" என்றாள் தங்கை. "அவருக்காகக் கேக்கறேன். நீ போனப்புறம் நான்தான் பாத்துக்கணும். வீட்டுல எழுதிக் காட்டிடலாம். ரோட்டுல நடக்கறப்போ எழுதிட்டா இருக்க முடியும்? நேத்து ஒரு வண்டி உரசிட்டுப் போச்சு. நான் கையப் புடிச்சு இழுத்தா உதறுறாரு, ஒண்ணும் புரியல அவருக்கு. அந்தத் தட்டுறது எதுக்கு என்னன்னு எழுதிக் குடு அக்கா. எல்லாம் வேணாம். அஞ்சு போதும்."

அஞ்சு என்றாள். அவள் யோசித்துச் சொல்லவில்லை.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் அவர் கையை மடியில் வைத்து, அந்த ஓட்டல் பியானோப் பாட்டை உள்ளங்கையில் தட்டுவேன். முழுதாக, ஒரு இடம் விடாமல். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். முதல் நாள், தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாமல், "தூங்குமூஞ்சிதானே?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். பெயரில் என்ன இருக்கிறது? அவர் கேட்பது என் பாட்டைத்தான்.

பேனாவை மூடி, தாளின்மேல் நேராக வைத்து, இரண்டையும் அவள் பக்கமே நகர்த்தினேன்.

"விடும்மா" என்றேன். "உனக்கு அதெல்லாம் லிஃப்ட்ல போடுற பாட்டு மாதிரிதான் இருக்கும்."