இரும்புக் குழாயின் சுருதி

மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு கிடையாது, ஐயா. அந்த நாட்களில்தான் நான் ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்து வைப்பேன். பெடாஸ் பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் பால் ஸ்டோருக்கு நான் பொறுப்பு. மாரியம்மன் கோயில் பஜனையில் பெட்டி வாசிப்பவனும் நான்தான்.

நீலாவதி ஸ்டோரில் எனக்குக் கீழே வேலை பார்த்தாள். காலையில் என்னிடம் ஆசிட் வாங்கிப் போய்ப் பாலை உறைய வைப்பாள். சாயங்காலம் கோயிலில் பாடுவாள்.

"அந்தப் பொண்ணு பாடினா பெட்டியே வேணாம்லா" என்றார் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் நல்லசாமி, என் காதுபடவே. எனக்குச் சுருக்கென்றது.

திருவிழாவுக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் ரேடியோவில் பாட ஆள் தேடி வருவதாக இருந்தது. புதுமையாக இருக்கட்டும் என்று தட்டி வாசிக்க இரும்புக் குழாய்களை வெட்டித் தொங்கவிட்டேன். எந்த ஓசையும் தனியாக வருவதில்லை, ஐயா. அதன் மேலேயே சின்னச் சின்ன ஓசைகளும் கூட வரும். குரலிலும் ஆர்மோனியத்திலும் அவை ஒழுங்காக அடுக்கி நிற்கும். இரும்பில் அப்படி நிற்காது. ஆர்மோனியத்தின் சுருதிக்கே குழாய்களை வெட்டினால், சேர்த்துத் தட்டும்போது கசக்கும். அதனால் அவை ஒன்றோடொன்று இனிக்கும்வரை அராவினேன். அப்படி அராவினால் மனிதக் குரலோடு அவை சேராது. அது எனக்குத் தெரியும்.

திருவிழா அன்று நீலாவதி பாடும்போது பெட்டியை மூடிவிட்டுக் குழாய்களைத் தட்டினேன். கேட்டவர்களுக்கு அவை இனித்தன. ஆகவே பிசிறு அவள் குரலில்தான் என்று முடிவு கட்டினார்கள். ரேடியோக்காரர் பாதியில் எழுந்து போனார்.

"அண்ணே, என் காது கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

"குழாயிலே தப்பு இல்லேம்மா."

அது உண்மைதானே என்று இன்றுகூட எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிறகு அவள் பாடவில்லை. லயத்து வீடுகளின் பிள்ளைகள் அவளைக் கண்டால் தட்டைத் தட்டிச் சிரித்தன. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கோயிலில் மறுபடியும் என் பெட்டியைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள், அதனால் சொல்லவில்லை.

அவள் இறந்த அன்று காலை வழக்கம்போல வந்து ஆசிட் கேட்டாள், கொடுத்தேன் என்று முன்பு விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அதில் பொய் இல்லை. ஆனால் அன்று விடியலிலிருந்தே மழை. யாரும் பால் வெட்டவில்லை. உறைய வைக்க ஒரு சொட்டுப் பால் கிடையாது. எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

கையில் பட்டுவிடக் கூடாதே என்று மூடியை நன்றாக முறுக்கித்தான் கொடுத்தேன், ஐயா.