அழிந்த அம்புக்குறி

மேடையில் இருக்கும் பட்டறை உரிமையாளர் ஐயா அவர்களே, மேஸ்திரி மாமா அவர்களே, மறைந்த நம் அக்காவின் வீட்டாரே, ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்திருக்கும் என்னுடன் வேலை செய்பவர்களே, வணக்கம். நான் பட்டறையில் கல் கழுவுகிறவள். பேசிப் பழக்கமில்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

எங்கள் தலைமை அறுப்பாளரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ரேகை அக்கா என்றோம். மணற்கல்லின் ரேகையை அவரைப் போலப் பார்த்தவர் யார்? ஒருமுறை ஒரு பொறியாளர் கல்லில் சாய்ந்து ஓடிய கோடுகளைக் காட்டி, "என்னம்மா, இவ்வளவு கறை?" என்றார்.

"கறை இல்ல சார், காத்து. மணலை மேட்டுல ஏத்தி அந்தப் பக்கம் சரியவிட்டிருக்கு. அதான் கோடு சாய்வா ஓடுது. மேல பொடி அலையா இருக்கே, அது தண்ணி போட்டது. ரெண்டும் மாத்தி மாத்தி வேலை பாத்திருக்கு, நம்ம ஷிப்ட் மாதிரி."

"ஓவர்டைம் உண்டா?" என்று கேட்டார் மேஸ்திரி மாமா. பொறியாளர் சிரித்துக்கொண்டே எல்லாக் கற்களையும் எடுத்துக்கொண்டார்.

மணல் எப்படிப் படுத்ததோ அப்படியே கல்லைச் சுவரில் வைக்க வேண்டும். அடுக்குகள் செங்குத்தாக நின்றால் மழைநீர் இறங்கி ஏடு ஏடாக உரியும். கல் காய்ந்தால் கோடு தெரியாது. அதனால் ஈரத்திலேயே, எது மேற்பக்கம் என்று அக்கா சுண்ணக்கட்டியால் அம்பு போடுவார்.

சற்றுமுன் ஐயா, "முப்பது வருஷத்துல அவங்க பண்ண ஒரே தப்பு அந்த ஆஸ்பத்திரிச் சுவர்தான்" என்றார். பெரிய மனதோடுதான் சொன்னார். ஆனால் அது அக்காவின் தவறா? இல்லை ஐயா! அந்தப் பதினோரு கற்களுக்கும் அவர் அம்பு போட்டிருந்தார். சேறு போகவில்லை என்று மறுபடி கழுவி, அதை அழித்தவள் நான். பயந்துபோய்ச் சொல்லவில்லை. கல் வண்டி ஏறியது. குறி இல்லாததால் கொத்தனார்கள் கைக்கு வந்தபடி வைத்தார்கள். இரண்டாவது மழையிலேயே சுவர் உரிந்தது. எல்லோர் முன்னாலும் அக்கா, "நான்தான் குறி போட மறந்திருப்பேன்" என்றார். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து அவர் சுண்ணக்கட்டியை விட்டுவிட்டார். ஒவ்வொரு கல்லின் அடியிலும் உளியால் ஒரு வெட்டு; குறி போட்டாயிற்றா என்று விரலால் தடவியே பார்த்துக்கொள்வார். மணிக்கட்டு வீங்கியும் நிறுத்தவில்லை. "என்னை நானே நம்ப முடியலடி" என்று என்னிடமே சொன்னார். அப்போதாவது வாய் திறந்தேனா?

இன்று திறக்கிறேன். அவருக்குக் கேட்காது. உங்களுக்குக் கேட்கிறது. ரேகை அக்கா முப்பது வருடத்தில் ஒரு கல்லைக்கூடத் தவறாக அனுப்பவில்லை!

அந்தச் சுவருக்கு மாற்றுக் கற்கள் பதினொன்றும் அறுத்துத் தயாராக இருக்கின்றன. அடிவெட்டு மட்டும் பாக்கி. அதை நான் போடுகிறேன். இனி வரும் கற்களுக்கும் நானே போடுகிறேன். உளி அக்காவின் மேசையில்தான் இருக்கிறது. இவ்வளவும் கேட்ட பிறகும் ஐயா சம்மதித்தால், நாளைக் காலை எடுத்துக்கொள்கிறேன்.