பூச்சி பிஸ்கட் வாங்குவீர்களா?

கோவிந்தராஜன்: ...அஞ்சாவது கேள்வி. பூச்சி மாவு கலந்த பிஸ்கட் கடைக்கு வந்தா வாங்குவீங்களா?

சரசா: ச்சீ. மாட்டேன்னு போடுங்க.

கோவிந்தராஜன்: முழுசா கேளு. வெட்டுக்கிளிய வறுத்து, மாவா அரைச்சு...

சரசா: எதை அரைச்சா என்ன? மாட்டேன். இந்த ப்ரியம்வதாவுக்கு வேற படிப்பே கெடைக்கலியா?

கோவிந்தராஜன்: பாவம், காலேஜ் ப்ராஜெக்ட். நம்ம பில்டிங்ல எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஃபார்ம் குடுத்திருக்கா. ஆறு மணிக்கு வாங்க வருவா.

சரசா: வந்து, நம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டே படிப்பா. மாட்டேன்னே இருக்கட்டும்.

கோவிந்தராஜன்: போட்டாச்சு. ஆறு. பூச்சி முழுசா இருந்தா சாப்பிடத் தோணுமா, மாவா இருந்தாத் தோணுமா?

சரசா: ரெண்டும் தோணாது.

கோவிந்தராஜன்: எறா மட்டும் தோணும். நேத்து உரிச்சியே, அதுக்கு எத்தனை காலு? மீசை வேற.

சரசா: எறா கடல்ல இருக்குது.

கோவிந்தராஜன்: ஓ, குளிச்சிட்டு வருதா.

சரசா: பேசாம எழுதுங்க.

கோவிந்தராஜன்: மாவுன்னு போட்டுடறேன். அதான் கொஞ்சம் டீசண்டா இருக்கும்.

சரசா: மாவா அரைச்சா ருசி எங்கருந்து வரும்? முழுசா வறுத்து, வறுத்த அரிசியோட கலந்து...

கோவிந்தராஜன்: ம்? கலந்து?

சரசா: ஒண்ணுமில்ல. டிவில காட்னாங்க.

கோவிந்தராஜன்: எந்த சேனல்?

சரசா: தெரியல. பாதிலயே கரண்ட் போயிடுச்சு.

கோவிந்தராஜன்: அரே, பாதி பாத்ததுக்கே அரிசி வரைக்கும் தெரிஞ்சிருக்கு. சரி, ஏழு. இதுக்கு முன்னாடி எப்பவாவது பூச்சி சாப்பிட்டதுண்டா? ... சரசா?

சரசா: குக்கர் வெச்சிருக்கேன்.

கோவிந்தராஜன்: இன்னும் விசிலே வரல. உக்காரு. உண்டா, இல்லியா?

சரசா: ... பென்சில்ல போடுவீங்களா?

கோவிந்தராஜன்: பென்சில்லயே போடறேன்.

சரசா: ஈசல் பூச்சில சேத்தியா?

கோவிந்தராஜன்: ரெக்கை இருக்கே.

சரசா: ரெக்கையத்தான் முறத்துல பொடச்சிடுவோமே. ... சிரிக்காதீங்க. எங்க ஊரு செங்கத்துல எத்தனையோ வீட்ல உண்டு. மழை விட்டதும் புத்துகிட்ட வெளக்கு வெச்சாப் போதும், வந்து கொட்டும். அம்மா மொளகாப்பொடி போட்டு வறுப்பாங்க. பள்ளிக்கூடத்துக்கு பாவாடைல கட்டிக்கிட்டுப் போவேன்.

கோவிந்தராஜன்: கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு. ஏன் சொல்லல?

சரசா: எப்படிச் சொல்றது? நிச்சயத்தன்னிக்கு உங்க தங்கச்சி வைஷு, பாயசத்துல எறும்பு கெடக்குதுன்னு டம்ளரையே தள்ளி வெச்சிட்டா. அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்கல்லாம் புனேலயே பொறந்து வளந்தவங்க, அவங்க முன்னாடி ஈசல்னு பேச்சே எடுக்கக் கூடாதுன்னு.

கோவிந்தராஜன்: அத்தை என்ன சொன்னாங்க?

சரசா: அவங்க மூஞ்சி சுண்டிப் போச்சு. ... அப்படிச் சொல்லியிருக்க வேணாம். என்ன பண்றது, நீங்க அருவருப்புப் படுவீங்கன்னு பயம்.

கோவிந்தராஜன்: ம்... அருவருப்பு.

சரசா: என்ன எழுதறீங்க? பேனாவா அது?

கோவிந்தராஜன்: ஏழாவது கேள்விக்கு. உண்டுன்னு.

சரசா: அய்யோ, அடிங்க அதை. ப்ரியம்வதா பாத்தா சொசைட்டி முழுக்க...

கோவிந்தராஜன்: பேரைப் பாரு. இது உன் ஃபார்ம் இல்ல, என்னுது. போன வருஷம் ஊருக்குப் போனப்ப நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தல்ல, அன்னிக்கு அத்தை அடுப்படில திரும்பி உக்காந்து என்னமோ தின்னுட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் முந்தானைல மறைச்சாங்க. என்னன்னு கேட்டு, வம்பு பண்ணி, ஒரு கை வாங்கினேன். அப்பறம் இன்னொரு கை. 'அவகிட்ட மூச்சு விடாதீங்க மாப்ள, கூச்சப்படுவா'ன்னாங்க. உனக்குன்னு எடுத்து வெச்ச டப்பாவையும் நான்தான் காலி பண்ணேன். அந்த வருஷம் ஈசலே பறக்கலன்னு உங்கிட்ட சொல்லியிருப்பாங்களே... நல்லாவே பறந்துச்சு.