பக்கத்துத் துளை

அவையை ஆளும் தலைவர் ஹெதர் கில்லெஸ்பி அவர்களே! எங்கள் தொலைநோக்கி வருவதற்கு முன்பே இந்த வானத்தை அறிந்திருந்த, இம்மண்ணின் பழங்குடிகளான கமிலராய் மூத்தோர்களே! கங்காரு குறுக்கே பாயும் மலைப்பாதையில் எங்களை அனுப்பிவிட்டுக் கவலையோடு காத்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

இந்த வெள்ளிக் கேடயத்தை எனக்கு எதற்காகத் தருகிறீர்கள்? ஒரு விண்மீன் மண்டலம் தட்டையாகச் சுழலுமா, உருண்டு திரளுமா? அதன் விண்மீன்கள் ஒழுங்காக வட்டமிடுமா, தறிகெட்டு ஓடுமா? எல்லாவற்றையும் எடை ஒன்றே முடிவு செய்கிறது, அக்கம்பக்கத்துக்கு அதில் பங்கே இல்லை என்று நான் எழுதினேனே, அதற்காக!

கைதட்டாதீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

நாங்கள் அளப்பது எப்படி? தொலைநோக்கியில் பொருத்தும் ஓர் உலோகத் தட்டு. ஒரு மண்டலத்துக்கு ஒரு துளை. துளைக்கு ஒரு கண்ணாடி இழை, அந்த மண்டலத்தின் ஒளியை ஏந்திவர. பகலெல்லாம் குனிந்து நின்று அவற்றைக் கையால் செருகுபவர், அதோ கடைசி வரிசையில் லாமிங்டன் கேக்கைக் கடித்துக்கொண்டிருக்கும் நெரிடா டாக்கின்ஸ். நான்கு ஆண்டுகளுக்கு முன் தேநீர் வேளையில் என்னிடம் வந்தார்.

“லாக்லன், எந்தத் தட்ட எடுத்தாலும் ரெண்டு துளை ஒட்டினாப்ல இருந்து நான் பாத்ததே இல்லையே. வானத்துல யாருக்கும் அக்கம்பக்கமே கிடையாதா?”

“இழையோட தலை பெருசு நெரிடா. ஒட்டி வெச்சா இடிக்கும். அதான் பக்கத்துல இருக்கறத பட்டியல்லேந்தே எடுத்துடறோம்.”

“அப்போ நெருக்கமா இருக்கறதெல்லாம் விட்டுப்போச்சே?”

“நீ செருகற வேலையப் பாரு தாயே. வானத்த நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் உடம்பு கூசுகிறது.

யாரை நீக்கினோம்? நெருக்கத்தில் வாழ்பவரை நீக்கினோம்! நீக்கிவிட்டு என்ன எழுதினோம்? நெருக்கத்தால் எதுவும் நேர்வதில்லை என்று எழுதினோம்! இது ஆய்வா, அநியாயமா?

என்ன அங்கே குரல்? “கேடயத்த வாங்கிட்டு இறங்குய்யா, ஆட்டுக்கறி ஆறுது” என்கிறீர்களா? ஆறட்டும் ஐயா! ஆறிய கறியைச் சூடாக்கிக்கொள்ளலாம்.

நீக்கியவற்றுக்கென்று தனியாக மூன்று தட்டு கேட்டார் நெரிடா. தட்டுகளை ஒதுக்கும் குழு மறுத்தது. அந்தக் குழுவின் தலைவன் நான்! இந்த ஆண்டு வந்த புதிய குழு கொடுத்தது. போன வாரம் முடிவு கிடைத்தது. இரு வகை மண்டலங்களுக்கும் எடை ஒன்றேதான். ஆனால் தனித்திருப்பவை தட்டையாகச் சுழல்கின்றன. நெருக்கத்தில் சிக்கியவையோ வாயுவைப் பறிகொடுத்து, உருண்டு போய், விண்மீன்கள் திசைக்கொன்றாய் ஓட நிற்கின்றன. நெரிடாவின் விரல்கள் அறிந்ததை என் பட்டங்கள் அறியவில்லை.

நாளைக் காலை இதே அவை, என் கட்டுரையைச் சான்று காட்டி, அடுத்த ஐந்தாண்டுத் தட்டுகளையும் அந்தப் பழைய பட்டியல்படியே துளைக்க வாக்களிக்கப் போகிறது. அவருடைய மூன்று தட்டுகளும் உலைக்குப் போகும். விடமாட்டேன்! கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். கேடயம் இந்த மேசையிலேயே கிடக்கட்டும்.

நெரிடா, மேடைக்கு வாருங்கள். என் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது.

“நாற்காலி எங்கயும் ஓடிடாது லாக்லன். மொதல்ல அந்த நாளைக்கு வோட்டு என்னாகும்னு கேளு!”

கேட்டீர்களா? இன்றும் அவர்தான் சரியாகக் கேட்கிறார். தலைவர் அவர்களே, நாளை வரை எதற்கு? நெருங்கி நிற்பவற்றையும் அளப்போம் என்பவர்கள் இப்போதே கையை உயர்த்துங்கள். உயர்த்தும் கைகளுக்கு என் நன்றி, வணக்கம். மற்றவர்கள் கறி சாப்பிடப் போகலாம்.