பனி உருகும்வரை

விடியற்காலைப் படத்துக்குக் கேமராவைவிடக் கம்பம்தான் முக்கியம், ஐயா. ஒரே கம்பம், ஒரே உயரம், ஒரே நேரம். அப்போதுதான் பயிர் வளர்வது கண்ணுக்குத் தெரியும். கோதுமை விதைத்த நாளிலிருந்து ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. நாற்பது படங்கள் சமையலறைச் சுவரில் ஒட்டியிருப்பதை நீங்களே பார்த்தீர்கள்.

எல்லாம் என் தம்பிக்காகத்தான். இரண்டு குளிர்காலம் வரிசையாக விளைச்சல் பொய்த்ததில் அவனுக்கு மனசு விட்டுப்போனது. "போட்டோவுல பச்சையா இருந்தா ஆச்சாண்ணே? குனிஞ்சு பாரு, உன் தலை மாதிரியே இருக்கு, அங்க நாலு இங்க நாலு. பயிரோட உழுதுட்டு, நிலத்தைக் கைமாத்திட்டு டவுனுக்குப் போயிடலாம்" என்றான். டவுனில் நான் என்ன செய்வேன்? இந்த ஒன்றரை ஏக்கரை விட்டால் எனக்கு வேறு நாதி இல்லை.

மறுநாள் விடியலில் நான் கம்பத்தடியில் நிற்கும்போதே எதிர்ப்பக்கத் தடத்தில் டிராக்டரைக் கொண்டுவந்தான். கலப்பை மாட்டியிருந்தது. வாய்க்கால் ஓரம் திருப்பும்போது கரை சரிந்து வண்டி கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டான். வண்டி குறுக்கே கிடந்ததால் வாய்க்காலில் தண்ணீர் தேங்கி ஏறத் தொடங்கியது.

எங்கள் நடுவில் முப்பது அடிப் பயிர், அதன்மேல் உறைபனி. பனி உறைந்த பயிர்த்தாளை மிதித்தால் நொறுங்கிக் கருகிவிடும். வெயில் ஏறும்வரை வயலில் இறங்கக் கூடாது என்று என்னை நாள்தவறாமல் திட்டியவனே அவன்தான்.

"பயிர் மேலயே வாண்ணே, பரவால்ல" என்றான்.

பரவாயில்லையாம். அந்தச் சொல்தான் எனக்கு ஆறவில்லை.

நான் படம் எடுத்தேன். சத்தம் கேட்டதும் ஓடினேன் என்று நேற்று ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தது பொய். பயிர் எவ்வளவு தேறியிருக்கிறது என்று காட்ட அன்று காலை எடுத்த இரண்டு படங்களை உங்களிடம் நீட்டியதும் நான்தான். பயிரில் கால்தடமே இல்லையே என்று நீங்கள் கேட்ட பிறகுதான் என் மரமண்டைக்கு எட்டியது. முதல் படம் ஆறு நாற்பதுக்கு. அடுத்தது ஏழேகாலுக்கு, வெளிச்சம் நன்றாக விழுந்ததும். நடுவில் அவன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். முதலில் அண்ணே என்று. பிறகு சின்ன வயதில் எனக்கு வைத்த பட்டப்பெயரில். பிறகு கூப்பிடவில்லை. பனி உருகியதும் போனேன்.

நாளைக் காலையில் யாரையாவது அனுப்பி அந்தக் கம்பத்திலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வரிசை விட்டுப்போகக் கூடாது. அவன் இருந்தால் இப்போது பயிரைப் பார்த்துச் சந்தோஷப்படுவான்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மிதிபட்ட இளங்கோதுமை செத்துப்போவதில்லை, பத்து நாளில் அடியிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். அன்றைக்கும் அது எனக்குத் தெரியும். அவன் எழுந்து வந்தால் உழுதுவிடுவான் என்பதும் தெரியும்.