யாரைக் கேட்டு நிறுத்தும்?

எண்பதுகளில் ஒரு நாள், இலங்கையின் தேயிலை மலைநாட்டில், அப்புத்தளை பஸ் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவரும் அவருடைய மருமகனும் நின்றார்கள். பெரியவருக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. மருமகன் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன், லீவில் வந்திருந்தான்.

“சூரியன் மாதிரி ஒரு நெருப்ப காந்தத்தால கட்டி வைக்கிறோம் மாமா. கொஞ்சம் நெளிஞ்சாலும் கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிரும். கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள காந்தத்த மாத்திரும். முடியாட்டி எல்லாத்தையும் நிறுத்திரும்.”

“யாரைக் கேட்டு நிறுத்தும்?”

“யாரையும் கேக்காது. கேட்டா நேரம் போயிருமே.”

பெரியவர் கத்திய கத்தலில் வரிசையே திரும்பியது.

“இலை உருட்டுற மெஷின்ல என் கை மாட்டுனப்ப, பக்கத்துலயே சுவிட்சு இருந்துச்சுடா! டீ பாக்டரிய நடத்துற டீமேக்கர் சொல்லாம நிறுத்தக்கூடாதுன்னு உத்தரவு. இலை கெட்டுருமாம். அந்தாளு வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருந்தான். கேக்க ஓடுனானுங்க!”

“மெதுவா மாமா, ஆளுங்க பாக்குறாங்க.”

“பாக்கட்டும்! நெருப்புக்குக் குடுக்குற மரியாதைய எங்களுக்குக் குடுத்தானுங்களா?”

பஸ் வந்தது. அவர் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். நான் ஏறவில்லை.

நான் அப்போது வேறொரு தோட்டத்தில் டீமேக்கர். அதே உத்தரவை நானே எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டியிருந்தேன். மறுநாள் காலை அதைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. தோட்டத்துரையிடம் அனுமதி கேட்டேன்.