யெல்மருக்காக நிற்கும் இறக்கைகள்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்குவதோடு, என் பேச்சு நீண்டால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் பொறுப்பையும் ஏற்றிருக்கிற நீர்வாரியத் தலைவர் மைண்டர்ட் அவர்களே! கரையைக் காத்த பெரியோர்களே! வயல் வெள்ளக்காடான நாளிலும் அடுப்பை அணையவிடாத தாய்மார்களே! ஆரஞ்சு கேக் தீர்ந்துவிடுமோ என்ற கவலையோடு கடைசி வரிசையில் நிற்கும் தோழர்களே! முன்வரிசையில் கம்பளிப் போர்வை போர்த்தி அமர்ந்திருக்கும் எங்கள் ஹிஸ்கே அம்மையாரே! ஆலையைப் புதுப்பித்த குழுவின் சார்பில் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

காலையில் நீங்கள் இங்கே வந்ததும் திடுக்கிட்டது எனக்குத் தெரியும். திறப்பு விழா என்று அழைப்பு அனுப்பிவிட்டு, நம் ‘நாரை’ காற்றாலையின் இறக்கைகளைத் துக்க நிலையில் நிறுத்தியிருக்கிறோம். உச்சியை எட்டப்போகிற இறக்கை நின்றால் மகிழ்ச்சி. உச்சியைக் கடந்து சரியத் தொடங்கிய இறக்கை நின்றால் சாவு. ஃப்ரீஸ்லாந்தில் இது தெரியாத குழந்தை உண்டா? காப்பி வரிசையிலேயே ஒருவர் என் கையைப் பிடித்தார். "யாருய்யா செத்தது? யோரிட்டுக்குத்தான் ஏதோ ஆயிருச்சோ?"

யோரிட்டுக்கு ஒன்றுமில்லை. அதோ, இறக்கைத் தடையை விடுவிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நம் ஆலைக்காரர். கையசையுங்கள் யோரிட்! ஒரு கை போதும், மறு கையால் கயிற்றை இழுத்துவிடாதீர்கள்!

அப்படியானால் செத்தது யார்? சொல்கிறேன்.

இந்த ஆலை மாவு அரைத்ததில்லை, மரம் அறுத்ததில்லை. காற்றைக் கைப்பற்றியது, நீரை நெட்டித் தள்ளியது, நிலத்தை நிலமாக நிறுத்தியது! மேலே இறக்கை சுழல, நடுவே தண்டு சுழல, அடியிலே மரத்திருகு சுழல, நம் காலடிப் பள்ளத்துத் தண்ணீர் கரைக்கு அப்பாலுள்ள உயர்ந்த கால்வாய்க்கு ஏறியது. ஆலை ஓடினால் ஊர். ஆலை நின்றால்? ஏரி!

அப்படி ஏரியாகிக்கொண்டிருந்த ஓர் இலையுதிர் காலத்தில், இதே ஆலை வீட்டில், தொண்டை அடைப்பு நோய் வந்து யெல்மர் என்ற சிறுவன் இறந்தான். வயது ஆறு. தகப்பன் வீபே, ஆலைக்காரர். அழுதுகொண்டே வெளியே வந்து இறக்கைகளைத் துக்க நிலையில் நிறுத்தினார். அடக்கம் முடியும்வரை ஆலை அசையக் கூடாது. அது நம் வழக்கம்.

வழக்கப்படி ஆலை நின்றது. மழை நின்றதா? இல்லை! காற்று நின்றதா? இல்லை! ஆலை மட்டும் நின்றது, தண்ணீர் ஏறியது. தேவாலய மேட்டில் இடம் நிறைந்து, கல்லறைகள் தாழ்நிலத்துக்கு இறங்கிவிட்ட காலம் அது. குழி தோண்டுகிற கோஸ்ஸே, முழங்கால்வரை சேற்றோடு வந்து வாசலில் நின்றார்.

"ஃபென்னாக்கா, தோண்டத் தோண்டத் தண்ணி ஊறுது. எறைச்சு மாளல. பெட்டிய வெச்சா மெதக்கும்க்கா."

தாய் ஃபென்னா கணவரைப் பார்த்தாள். "ஆலைய அவுத்து விடுங்க."

"அவன் இன்னும் வீட்டுலதான கெடக்கான்? என் கையால ஆகாது ஃபென்னா."

அவரால் ஆகவில்லை. அவள் போனாள்! நான்கு வயது மகள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வர, அந்தத் தாய் கயிற்றை இழுத்துத் தடையை விடுவித்தாள். துக்கத்தில் சாய்ந்திருந்த இறக்கைகள் சுழலத் தொடங்கின.

எதிர்க்கரையில் இருந்த பண்ணைக்காரர் சீப்ரன் அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "ஏம்மா, பெத்த புள்ள கூடத்துல கெடக்கறப்ப ஆலை ஓட்டுறியே, உனக்கென்ன நெஞ்சு கல்லா?"

ஃபென்னா கயிற்றை விடாமல் திருப்பிக் கேட்டாள். "அப்ப எம் புள்ளையத் தண்ணிக்குள்ள எறக்கச் சொல்றியா சீப்ரன்?"

சற்று நேரத்தில் சீப்ரன் படகில் வந்து இறங்கினார். காற்று திசைமாறிய போதெல்லாம் வீபேயோடு சேர்ந்து ஆலையின் தலையைத் திருப்பினார். இரவெல்லாம் ஓடியது ஆலை. மறுநாள் குழி வற்றியிருந்தது. யெல்மர் மண்ணுக்குள் போனான் அன்பர்களே, மண்ணுக்குள் போனான்!

அடக்கம் முடிந்து திரும்பும்போது ஃபென்னா மகளிடம் சொன்னாள். "மழைக்காலம் போகட்டும்டி. அண்ணனுக்காக ஒரு நாள் முழுக்க நிறுத்திருவோம்."

மழைக்காலம் போனது. வசந்தத்தில் வந்தது எஞ்சின் பம்ப். இனி ஆலை எதற்கு என்று இறக்கைகளைக் கழற்றி எடுத்துப் போனார்கள். வெறும் கட்டையாய் நின்ற ஆலையைப் பார்த்து ஃபென்னா கேட்டாளாம்: "றெக்கையே இல்ல. இனி இது எந்தப் பக்கம் சாஞ்சு அவனுக்கு அழும்?" அந்தக் கேள்வியோடுதான் அவள் செத்தாள்.

என்ன? பின்னாலிருந்து யாரோ, காற்று போய்விடும், சீக்கிரம் முடி என்கிறார். போகாது ஐயா. இவ்வளவு காலம் காத்திருந்த காற்று, இன்னும் கொஞ்சம் காத்திருக்கும்.

போன வாரம், நாடா வெட்ட வாருங்கள் என்று ஹிஸ்கே அம்மையாரை அழைக்கப் போனேன். அன்று பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் இவர்தான். அழைப்பிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நாடா கெடக்கட்டும்டா. றெக்கை வந்துருச்சில்ல? எங்க அண்ணனுக்கு எப்ப நிறுத்துவீங்க?" என்றார். தொண்ணூறைக் கடந்தவர், ஆறு வயதுப் பிள்ளையை அண்ணன் என்கிறார்.

உத்தரம் மாற்றினோம், பல்சக்கரம் செதுக்கினோம், திருகைப் புதிதாகப் பூட்டினோம். எதற்கு? வேடிக்கை பார்க்கவா? படம் எடுக்கவா? ஒரு தாய் தன் மகனுக்குச் சொன்ன சொல் நிறைவேற இறக்கை வேண்டியிருந்தது! அதனால்தான் நேற்று விடியலிலிருந்து இது சாய்ந்து நிற்கிறது. ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டது.

தொப்பி அணிந்தவர்கள் கழற்றுங்கள். இனி விழாவைத் தொடங்குவது நானுமில்லை, தலைவருமில்லை. அம்மா, நீங்கள் கையை உயர்த்தினால் யோரிட் தடையை விடுவிப்பார். அவசரமே இல்லை. அண்ணனோடு பேசி முடித்துவிட்டு உயர்த்துங்கள்.

கேட்டவர்களுக்கும், கேட்டு அழுதவர்களுக்கும் நன்றி கூறி, யெல்மருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் சொல்லி, நான் அமர்கிறேன்.